பைலட் உரிமம் பெறுவது எப்படி? மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ முடிவு வந்ததும் விமானப் பயிற்சி பற்றி வீட்டுக்கு வீடு எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இவை இந்தியாவில் பயணிகள் விமானம் ஓட்டும் வேலையை நோக்கிப் படிப்பவர்களுக்கானவை. விதிகளில் அவ்வப்போது திருத்தம் வருவதால், பணம் கட்டுவதற்கு முன் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் இணையதளத்தில் நடப்பு விதியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

1. பையன் ஏரோநாட்டிகல் இன்ஜினீயரிங் சேரப் போகிறான். படித்து முடித்ததும் பைலட் ஆகிவிடலாம் அல்லவா?

ஆக முடியாது. ஏரோநாட்டிகல் பொறியியல் என்பது விமானத்தை வடிவமைக்கவும் ஆராயவும் கற்றுத்தரும் பட்டப்படிப்பு. விமானம் ஓட்டும் உரிமத்துக்கும் அதற்கும் சட்டப்படி எந்தத் தொடர்பும் இல்லை. ‘ஏவியேஷன்’ என்ற சொல்லைத் தாங்கிவரும் பி.பி.ஏ., பி.எஸ்சி. படிப்புகளுக்கும் இதே பதில்தான். உரிமத்தைத் தருவது பல்கலைக்கழகம் அன்று, டி.ஜி.சி.ஏ.; அது கேட்பது பிளஸ் டூ தேர்ச்சி, மருத்துவத் தகுதி, எழுத்துத் தேர்வுகள், பறந்த மணி நேரம், பறக்கும் தேர்வு ஆகியவற்றையே.

ஆயினும் பட்டம் வீண் என்று சொல்ல மாட்டேன். விமானி வேலை உடல்தகுதியை நம்பியது. முப்பது வயதில் ஒரு நோய் வந்து உரிமம் முடங்கினால் கைகொடுக்க வேறொரு படிப்பு இருப்பது நல்லது. அதைத் தொலைதூரக் கல்வியில் படித்தாலும் போதும்.

2. பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்துவிட்டேன். இனி வாய்ப்பே இல்லையா?

இருக்கிறது. வணிக விமானி உரிமத்துக்குப் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்பது நெடுநாளைய விதி. அவற்றைப் படிக்காதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரண்டு பாடங்களை மட்டும் தனியே எழுதித் தேர்ச்சி பெறுவது வழக்கத்தில் உள்ள வழி. இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் யோசனை 2025இல் பேசப்பட்டது. ஆனால் பேச்சை நம்பிக் காத்திருப்பதைவிட இரண்டு தாள்களை எழுதிவிடுவது மேல். வழிகாட்டல் பாடத்துக்கும் வானிலைப் பாடத்துக்கும் அந்த அடிப்படை எப்படியும் தேவைப்படும்.

3. எஸ்.பி.எல்., பி.பி.எல்., சி.பி.எல்., ஏ.டி.பி.எல். என்கிறார்களே, இதில் நான் எதை எடுக்க வேண்டும்?

எஸ்.பி.எல். என்பது மாணவ விமானி உரிமம். 16 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் போதும். பயிற்சி பெறவும், பயிற்றுநரின் அனுமதியோடு தனியாகப் பறக்கவும் இது வேண்டும். பி.பி.எல். தனிநபர் விமானி உரிமம்: 17 வயது, குறைந்தது 40 மணி நேரப் பறத்தல். இதை வைத்துக்கொண்டு நண்பர்களை ஏற்றிச் செல்லலாம், கூலி வாங்கக் கூடாது. சி.பி.எல். வணிக விமானி உரிமம்: 18 வயது, 200 மணி நேரம். சம்பளத்துக்கு விமானம் ஓட்ட இதுவே நுழைவாயில். ஏ.டி.பி.எல்., பயணிகள் விமானத்தின் கேப்டனாக அமர்வதற்கான உரிமம்: 21 வயது, 1500 மணி நேரம்.

வேலைதான் நோக்கம் என்றால் எஸ்.பி.எல். எடுத்துக்கொண்டு நேராக சி.பி.எல். நோக்கிப் போகலாம், இடையில் பி.பி.எல். எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இந்தியாவில் இல்லை. ஏ.டி.பி.எல். பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். அந்த 1500 மணி நேரத்தைப் பெரும்பாலோர் துணை விமானியாகச் சம்பளம் வாங்கிக்கொண்டே சேர்க்கிறார்கள்.

4. கண்ணாடி போட்டிருக்கிறேன். மெடிக்கலில் தள்ளிவிடுவார்களா?

கண்ணாடி அணிந்தால் பார்வை தேவையான அளவுக்குச் சரியாகிறது என்றால் தள்ள மாட்டார்கள். ‘கண்ணாடி அணிந்தே பறக்க வேண்டும்’ என்று சான்றிதழில் குறிப்பார்கள். பறக்கும்போது உபரியாக இன்னொரு கண்ணாடியும் கையில் இருக்க வேண்டும். உண்மையில் அஞ்ச வேண்டியது நிறப் பார்வைக் குறைபாட்டுக்கு. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளில் தவறுபவர்களுக்கு அடுத்த கட்டச் சோதனை உண்டு. அதிலும் தவறினால் வணிக உரிமத்துக்கான கதவு ஏறத்தாழ மூடிவிடுகிறது. இது பிறவியில் வருவது, பயிற்சியாலோ கண்ணாடியாலோ மாறாது, பலருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது.

மருத்துவச் சோதனை இரு வகைப்படும். இரண்டாம் வகுப்புச் சோதனை மாணவ உரிமத்துக்கும் தனிநபர் உரிமத்துக்கும் உரியது, அதை டி.ஜி.சி.ஏ. பட்டியலில் உள்ள மருத்துவர்கள் செய்கிறார்கள். முதல் வகுப்புச் சோதனை வணிக உரிமத்துக்கானது. முதல்முறை இதைப் பெங்களூரு, டெல்லி போன்ற இடங்களில் உள்ள விமானப்படை மையங்களிலோ, அங்கீகாரம் பெற்ற குறிப்பிட்ட மருத்துவமனைகளிலோ செய்துகொள்ள வேண்டும். இரத்தம், சிறுநீர், இதய வரைபடம், மார்பு ஊடுகதிர்ப் படம், செவித்திறன், கண் என்று அனைத்தையும் பார்ப்பார்கள். உடல் எடை, சர்க்கரை அளவு போன்ற காரணங்களால் ‘தற்காலிகமாகத் தகுதியில்லை’ என்று வருவது சாதாரணம். சரிசெய்துகொண்டு திரும்பப் போகலாம். நிரந்தரத் தகுதியின்மை என்று வந்தால் மேல்முறையீட்டுக்கு வழி உண்டு.

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: முதல் வகுப்பு மருத்துவச் சான்று கைக்கு வருவதற்கு முன் எந்தப் பள்ளிக்கும் பெரிய தொகை கட்டாதீர்கள். இரண்டாம் வகுப்பில் தேறிவிட்டோம் என்ற தைரியத்தில் பயிற்சியைத் தொடங்கி, பாதிச் செலவுக்குப் பிறகு முதல் வகுப்பில் நின்றுபோனவர்கள் உண்டு.

5. என் மகளின் உயரம் 155 செ.மீ. உயரம் தடையாகுமா? பெண் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கிறார்களா?

சி.பி.எல். உரிம விதியில் குறைந்தபட்ச உயரம் என்று எதுவும் இல்லை. சில நிறுவனங்கள் தாமே வரம்பு வைத்திருக்கின்றன. உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் உள்ள மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உடான் அகாடமி 158 செ.மீ. கேட்கிறது. மற்ற இடங்களில் பார்ப்பது ஒன்றைத்தான்: இருக்கையைச் சரிசெய்து அமர்ந்தால் கால் மிதிகளை முழுமையாக அழுத்தவும், முன்கண்ணாடிக்கு வெளியே பார்க்கவும் முடிகிறதா என்பது.

வேலையைப் பொறுத்தவரை, இந்திய விமானிகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் பெண்கள். உலக அளவில் இது மிக உயர்ந்த விகிதம். லாகூரில் 1936இல் 21 வயதில் தனியே பறந்த சரளா தக்ரால் காலத்திலிருந்தே இது நம் நாட்டுக்குப் புதிதன்று. சம்பளத்தில் ஆண், பெண் வேறுபாடு கிடையாது. பதவியும் பணிமூப்புமே அதை முடிவு செய்கின்றன.

6. எழுத்துத் தேர்வு ரொம்பக் கடினமா? தமிழ்வழியில் படித்தவனால் முடியுமா?

விமான வழிகாட்டல், வானிலை, விமான விதிகள், பொதுத் தொழில்நுட்பம், நீங்கள் பறக்கும் விமானம் சார்ந்த குறிப்பிட்ட தொழில்நுட்பம் ஆகியவை தாள்கள். கேள்விகள் கொள்குறி வகை. தேர்ச்சிக்கு 70 விழுக்காடு வேண்டும். முதலில் டி.ஜி.சி.ஏ.விடம் விண்ணப்பித்து ‘கம்ப்யூட்டர் நம்பர்’ எனப்படும் பதிவெண்ணைப் பெற வேண்டும். மதிப்பெண் பட்டியலின் உண்மைத்தன்மைச் சான்றும் கேட்கப்படுவதால் இதற்கே சில வாரங்கள் ஆகலாம்.

கணக்கு பிளஸ் டூ அளவைத் தாண்டாது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை நாட் வேகத்தில் வீசுகிறது, அதற்கு விமான மூக்கை எத்தனை பாகை திருப்ப வேண்டும், எரிபொருள் எவ்வளவு தீரும் என்பது போன்றவற்றை வட்டக் கணிப்பானில் விரைவாகப் போடத் தெரிய வேண்டும். தமிழ்வழி மாணவர்கள் தடுமாறுவது கணக்கில் அன்று, ஆங்கில வாசிப்பு வேகத்தில்தான். நாள்தோறும் பாடப் புத்தகத்தை வாய்விட்டு வாசித்தால் அது சில மாதங்களில் சரியாகும். வானொலியில் பேச உலகச் சிவில் விமான அமைப்பு வகுத்த ஆங்கிலத் திறனில் குறைந்தது நான்காம் நிலை வேண்டும். உச்சரிப்பில் தமிழ் வாடை இருப்பது குற்றமாகாது. கேட்பவருக்குப் புரிய வேண்டும், அவ்வளவே.

என் பரிந்துரை, மருத்துவச் சான்று வந்த பின், பறக்கப் போவதற்கு முன்பே பொதுத் தாள்கள் அனைத்தையும் முடித்துவிட வேண்டும் என்பது. பள்ளியில் தங்கிப் பறந்துகொண்டே படிப்பவர்கள் இரண்டிலும் பின்தங்குவதையே அதிகம் காண்கிறோம்.

7. ஆர்.டி.ஆர். தேர்வில்தான் எல்லோரும் ஃபெயிலாகிறார்களாமே?

வானொலித் தொடர்புக்கான அந்தத் தேர்வு வாய்மொழித் தேர்வு; செயல்முறைப் பகுதியில் கற்பனையான ஒரு பறத்தலை எடுத்துக்கொண்டு, விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுவதுபோல ஒவ்வொரு கட்டத்திலும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். நெடுங்காலம் தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்த இந்தப் பொறுப்பு, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய வாயுயான் சட்டத்தால் டி.ஜி.சி.ஏ.வுக்கு மாற்றப்பட்டது. தோற்பவர்களில் பலர் வாசகங்களை நெட்டுருப் போட்டவர்கள். வரிசை சற்று மாறினால் திகைத்துவிடுகிறார்கள்.

8. மொத்தம் எவ்வளவு ஆகும்? ஒரே தவணையில் கட்டினால் தள்ளுபடி தருகிறார்களே?

200 மணி நேரப் பயிற்சிக்கு இந்தியாவில் ஏறத்தாழ 45 லட்சம் ரூபாயில் தொடங்கி 70 லட்சம் வரை ஆகிறது. இதில் தங்குமிடம், உணவு, சீருடை, தேர்வுக் கட்டணம், மறுதேர்வுகள் பெரும்பாலும் அடங்கா. பதின்மூன்றாம் கேள்வியில் வரும் டைப் ரேட்டிங்குக்கு இன்னும் 15 முதல் 25 லட்சம் தனியே வேண்டும். வங்கிகள் கல்விக் கடன் தருகின்றன. இந்த அளவுக்கு வீட்டையோ நிலத்தையோ அடமானமாகக் கேட்கும். வீட்டின் ஒரே சொத்தை வைத்து இதில் இறங்குவதானால், வேலை இரண்டு ஆண்டு தாமதமானாலும் வட்டியைச் சமாளிக்க முடியுமா என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். பள்ளியின் விமானங்கள் பழுதாகி நிற்கலாம், பயிற்றுநர்கள் வேலை மாறலாம், அனுமதியே நிறுத்திவைக்கப்படலாம். அப்போது மிச்சப் பணம் திரும்புவது எளிதன்று. பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணையாகக் கட்டும் ஏற்பாட்டை எழுத்தில் கேளுங்கள். அதற்கு ஒப்பாத பள்ளியைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

9. எந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல்?

பெயரைச் சொல்வதற்குப் பதில் நேரில் போய்ப் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். இணையதளப் படத்தில் பத்து விமானம் இருக்கும். நீங்கள் போகும் நாளில் உண்மையாகப் பறப்பவை எத்தனை, மாணவர் எத்தனை பேர், பயிற்றுநர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். விடுதியில் இருக்கும் மூத்த மாணவரிடம் கடந்த மாதம் எத்தனை மணி நேரம் பறந்தார் என்று கேளுங்கள். சேர்க்கை அலுவலகம் சொல்லாதது அங்கே தெரியவரும். ஊரின் வானிலையும் முக்கியம்: வட இந்தியாவில் டிசம்பர், ஜனவரிப் பனிமூட்டம் காலைப் பொழுதுகளைத் தின்றுவிடும், மத்திய இந்தியாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, தமிழ்நாட்டுக் கரையோரத்தில் ஐப்பசி, கார்த்திகை. பெரிய பயணிகள் விமானங்கள் அடிக்கடி வந்துபோகும் நிலையம் என்றால், ஓடுபாதை முனையில் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கும் நேரமும் உங்கள் பயிற்சிப் பொழுதைத்தான் தின்னும்.

டி.ஜி.சி.ஏ. 2025 அக்டோபரில் பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிடத் தொடங்கியது. முதல் பட்டியலில் மேல் இரண்டு தரங்களில் ஒரு பள்ளிகூட இடம்பெறவில்லை. ஆகவே ‘நாட்டின் முதன்மைப் பள்ளி’ என்ற விளம்பரத்தைப் படிக்கும்போது அந்தப் பட்டியலையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

10. முதல் நாள் என்ன சொல்லித்தருவார்கள்? எப்போது தனியாக ஓட்ட விடுவார்கள்?

முதல் பாடம் தரையில்தான். செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தைச் சுற்றிவந்து பார்க்கக் கற்பீர்கள். இறக்கைக்குக் கீழே உள்ள வடிகாலில் ஒரு கண்ணாடிக் குவளையை அழுத்தினால் சிறிது பெட்ரோல் இறங்கும். அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். விமானப் பெட்ரோல் வெளிர்நீலம். தண்ணீர் கலந்திருந்தால் கனம் காரணமாக அடியில் நிறமற்ற குமிழாகத் தங்கும். குவளை முழுவதும் நிறமற்று இருந்தால் ‘சுத்தமாக இருக்கிறது’ என்று மகிழக் கூடாது. மொத்தமும் தண்ணீராக இருக்கலாம், முகர்ந்து பார்க்க வேண்டும். பிறகு ஆயில் அளவு, வேகமானிக் குழாயின் உறை கழற்றப்பட்டதா, டயர், கட்டுப்பாட்டுப் பரப்புகளின் கீல்கள் எனப் பட்டியல் நீளும்.

தரையில் ஓட்டும்போது விமானத்தைத் திருப்புவது கால்கள். கார் ஓட்டிப் பழகியவர்கள் கைச்சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள், விமானம் புல்வெளியை நோக்கி நேராகப் போய்க்கொண்டிருக்கும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். அதன் பின் நேர்ப்பறத்தல், ஏற்றம், இறக்கம், திருப்பம், வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழக்கும் ‘ஸ்டால்’ நிலையும் அதிலிருந்து மீள்வதும், ஓடுபாதையைச் சுற்றி வட்டமிட்டு மீண்டும் மீண்டும் இறங்குவது, இன்ஜின் நின்றால் இறங்க நிலம் தேடுவது ஆகியவை வரும். பெரும்பாலோரைப் பதினைந்து மணி நேரத்துக்கு முன்பின்னாகத் தனியே அனுப்புகிறார்கள். இருபத்தைந்து ஆனாலும் வெட்கப்பட ஏதுமில்லை. விமானப் பணி நேர்காணலில் இதை யாரும் கேட்பதில்லை.

11. 200 மணி நேரம் என்பதை எப்படி எண்ணுகிறார்கள்? எப்படியாவது 200 சேர்த்தால் போதுமா?

போதாது. அந்த 200க்குள் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு விமானியாகப் பறந்திருக்க வேண்டும். அதில் 20 மணி நேரம் ஊர்விட்டு ஊர் செல்லும் பறத்தல்; ஒரு பயணமாவது 300 கடல்மைலுக்குக் குறையாமல், இடையில் இரண்டு வெவ்வேறு நிலையங்களில் இறங்கி நின்று செல்வதாக இருக்க வேண்டும். 10 மணி நேரம் கருவிகளை மட்டும் பார்த்துப் பறத்தல். இதில் பாதிவரை சிமுலேட்டரில் செய்யலாம். இரவில் 5 மணி நேரம், பத்து எழும்புதலும் பத்து இறங்குதலும். எல்லாமே விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் பறந்ததாக இருக்க வேண்டும். ஒரு பகுதி மிக அண்மையில் பறந்ததாகவும் இருக்க வேண்டும். இதனால்தான் பணத்தட்டுப்பாட்டில் இடையே நீண்ட காலம் நிறுத்துபவர்களுக்குச் செலவு கூடுகிறது.

ட்ரோன் ஓட்டிய நேரம் இதில் சேருமா என்றும் கேட்கிறார்கள். சேராது, அது 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின் கீழ் வரும் வேறு சான்றிதழ்.

12. சில இடங்களில் பறக்காமலே லாக் புக்கில் (பறந்த நேரப் பதிவேட்டில்) எழுதித் தருவார்களாம். அப்படி முடித்தால் என்ன?

இந்தத் தொழிலில் அதற்குப் ‘பார்க்கர் பேனா மணி நேரம்’ என்ற கேலிப் பெயர் பழையது. செய்யாதீர்கள். 2011இல் போலி மதிப்பெண் பட்டியலால் உரிமம் பெற்ற விமானிகள் சிலர் கைதானபோது, நாடு முழுவதும் உரிமங்கள் மறுஆய்வுக்கு வந்தன. விமானத்தின் பயணப் பதிவு, எரிபொருள் கணக்கு, கோபுரத்தின் பதிவு, உங்கள் மின்னணு லாக் புக் ஆகிய நான்கையும் ஒப்பிட்டால் பொய் தானே வெளிவரும். உரிமம் ரத்தாவதோடு குற்ற வழக்கும் வரும். அகப்படாமல் போனாலும், பறக்காத 50 மணி நேரம் பக்கவாட்டுக் காற்றில் இறங்கும் ஒரு நாளில் குறையாக நிற்கும்.

13. மல்டி, ஐ.ஆர்., டைப் ரேட்டிங் எல்லாம் கட்டாயமா?

சி.பி.எல். கையில் வாங்குவதற்குக் கட்டாயமில்லை. வேலைக்குக் கட்டாயம் என்றே கொள்ளுங்கள். இரட்டை இன்ஜின் தகுதியை டைமண்ட் 42 போன்ற விமானத்தில் பெறுவார்கள். அங்கே கற்பதெல்லாம் ஓர் இன்ஜின் நின்றால் என்ன செய்வது என்பதைத்தான்: விமானம் ஒரு பக்கம் இழுக்கும், நேராக்க ஒரு காலால் மிதியை அழுத்துவீர்கள், வேலையில்லாமல் சும்மா இருக்கும் கால் எந்தப் பக்கமோ அந்தப் பக்க இன்ஜின்தான் நின்றது. ஐ.ஆர். என்பது வெளியே எதுவும் தெரியாத மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதி. அதற்கு 40 மணி நேரக் கருவிப் பறத்தலும், பொறுப்பு விமானியாக 50 மணி நேர ஊர்விட்டு ஊர் பறத்தலும் வேண்டும். பயிற்சியைத் திட்டமிட்டால் பெரும்பகுதியைப் பதினோராம் கேள்வியில் சொன்ன 200க்குள்ளேயே அடக்கலாம்.

டைப் ரேட்டிங் என்பது ஏர்பஸ் 320, போயிங் 737, ஏ.டி.ஆர். 72 போன்ற குறிப்பிட்ட ஒரு விமான வகைக்கான தகுதி. பெரும்பாலும் முழு அசைவுச் சிமுலேட்டரில் முடிகிறது. வேலை உறுதியாகாமல் சொந்தப் பணத்தில் இதை எடுப்பது சூதாட்டம். போயிங் எடுத்துவிட்டு ஏர்பஸ் வைத்திருக்கும் நிறுவனத்தின் வாசலில் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

14. அமெரிக்கா போனால் சீக்கிரம் முடியுமாமே? திரும்பி வந்தால் அந்த லைசென்ஸ் செல்லுமா?

சீக்கிரம் முடியும் என்பது உண்மை. அங்கே நிலையங்களும் விமானங்களும் அதிகம், பல மாநிலங்களில் வானமும் தெளிவு. ஆனால் அந்த உரிமம் இங்கே நேரடியாகச் செல்லாது, மாற்ற வேண்டும். இந்திய முதல் வகுப்பு மருத்துவச் சான்று, விமான விதிகள் தாள், வழிகாட்டலும் வானிலையும் சேர்ந்த தாள், வானொலித் தகுதி, உரிமம் உண்மையானதுதான் என்று அந்நாட்டு ஆணையம் உறுதிசெய்வது, இங்கே மீண்டும் பறக்கும் தேர்வு ஆகியவற்றுக்கு மாதங்கள் பிடிக்கும். நான்காம் கேள்வியின் எச்சரிக்கை இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்; அமெரிக்க மருத்துவச் சான்றை நம்பிப் போகாதீர்கள்.

சிக்கலான இடம் மணிக்கணக்கில் இருக்கிறது. அமெரிக்காவில் ஒருவகைப் பள்ளிகளில் 190 மணி நேரத்திலேயே வணிக உரிமம் கிடைக்கும். இந்தியா 200 கேட்கும். அதைவிடப் பெரியது பொறுப்பு விமானி நேரம். அந்நாட்டு முறையில், தனிநபர் உரிமம் பெற்ற பின் பயிற்றுநர் அருகில் இருந்தாலும் ஓட்டுவது நீங்களே என்றால் அதைப் பொறுப்பு விமானி நேரமாக எழுதிக்கொள்ளலாம். டி.ஜி.சி.ஏ. அதை இருவர் பறத்தலாகவே எண்ணும். ஆகவே லாக் புக்கில் 130 இருப்பதுபோல் தோன்றினாலும் இந்தியக் கணக்கில் 100 எட்டாமல் போகலாம். அங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே பதினோராம் பதிலில் உள்ள அளவுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, குறைவதைப் பறந்துவிட்டு வாருங்கள். இரவுப் பறத்தலையும் 300 கடல்மைல் பயணத்தையும் குறிப்பாகப் பாருங்கள்.

15. கேடட் திட்டத்தில் சேர்ந்தால் வேலை உறுதிதானே?

கேடட் திட்டம் என்பது ஒரு விமான நிறுவனம் தன் வருங்கால விமானிகளுக்காகப் பயிற்சிப் பள்ளியோடு சேர்ந்து நடத்தும் பயிற்சி. சேரும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பெரும்பாலும் ‘எல்லாக் கட்டங்களிலும் தேர்ச்சி பெற்றால், நிறுவனத்தின் தேவைக்கு உட்பட்டு’ என்ற சொற்கள் இருக்கும். தேவை குறைந்தால் காத்திருக்க வேண்டிவரும். ஆயினும் பயிற்சித் தரமும் டைப் ரேட்டிங்கும் ஒரே கோட்டில் அமைவதால், பணவசதி உள்ளவர்களுக்கு இது தனியாக அலைவதைவிட மேலான வழி.

16. லைசென்ஸ் வந்துவிட்டது, வேலை வரவில்லை. சும்மா வைத்திருந்தால் காலாவதியாகிவிடுமா?

முதலில் இந்த நிலை ஏன் வருகிறது என்று சொல்ல வேண்டும். 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களும் இண்டிகோ 500 விமானங்களும் வாங்குவதாக அறிவித்தன. அதே ஆண்டில் டி.ஜி.சி.ஏ. 1,622 வணிக உரிமங்களை வழங்கியது. விமானங்கள் ஆண்டுக்கணக்கில் பிரித்துத்தான் வந்து சேரும்; உரிமம் பெற்றவர்களோ உடனே வரிசையில் நிற்கிறார்கள். நிறுவனங்களுக்கு உண்மையான தட்டுப்பாடு அனுபவமுள்ள கேப்டன்களுக்கே. 200 மணி நேரத் துணை விமானிகளுக்கு அன்று.

வணிக உரிமத்தின் செல்லுபடிக் காலம் 2023 அக்டோபர் திருத்தத்தால் ஐந்திலிருந்து பத்து ஆண்டாக உயர்ந்தது. ஆனால் உரிமம் உயிரோடு இருப்பது வேறு, அதைப் பயன்படுத்தும் தகுதி உயிரோடு இருப்பது வேறு. நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்று 12 மாதம்தான் செல்லும். ஐ.ஆர். தகுதியையும் ஆண்டுதோறும் பறக்கும் சோதனையில் புதுப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால் நேர்காணல் அழைப்பு வரும் வாரத்தில் இரட்டை இன்ஜின் விமானம் தேடி ஓட வேண்டியிருக்கும். ஆகவே காத்திருக்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் இந்த இரண்டுக்கான செலவைத் தனியே ஒதுக்கி வையுங்கள். பயிற்றுநர் தகுதி பெற்று ஒரு பள்ளியில் சேர்ந்தால், சம்பளத்தோடு மணி நேரமும் ஏறும். அதற்கான இடங்கள் குறைவு என்பதால் படித்த பள்ளியிலேயே முன்கூட்டிக் கேட்டுவைப்பது நல்லது.